என் தம்பி எனக்குக் கொடுத்த பயிற்சி

என் எலும்பு மஜ்ஜை தம்பிக்குப் பொருந்தவில்லை என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னபோது, "இன்னொரு தடவ பாருங்க மேடம், ரத்தம் மாறிப் போயிருக்கும்" என்றேன். அந்த டாக்டர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். கோபப்படவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்துவிட்டார்களாம். கூடப் பிறந்தவர்களாக இருந்தாலும் கொஞ்சம்கூட ஒத்துப்போகாமல் இருப்பது நடக்கக்கூடியதுதான் என்றார்.

தம்பி பக்கத்து நாற்காலியில் முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வுடுக்கா. உன்னுது ஏறியிருந்தா நானும் உன்ன மாதிரியே அசஞ்சு அசஞ்சு நடந்துட்டு இருப்பேன்" என்றான்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அவன் என்னைவிடப் பதிமூன்று வயது இளையவன். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா கழனி வேலைக்குப் போக, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவனை இடுப்பில் தூக்கிக்கொள்வது என் வேலை. எனக்குக் கல்யாணமாகி, கணவர் பெங்களூரில் கம்பெனி வேலையில் இருக்க, நான் சந்தவாசல் பக்கத்தில் ஒரு ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்தேன். அம்மாவும் தம்பியும் என்னோடுதான் இருந்தார்கள். கடையில் நாளெல்லாம் நிற்பது, உட்கார்வது. உடம்பு பெருத்துப்போயிருந்தது. பஸ்ஸைப் பிடிக்கக்கூட நான் ஓடியதில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன்.

தம்பிதான் ஓடுகிறவன். எங்கள் பக்கத்துப் பையன்கள் போலீஸ் தேர்வுக்காக விடியற்காலையில் ரோட்டில் ஓடுவார்கள். அதில் அவனை முந்த ஆளில்லை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். ஓட்டத் தேர்வுக்குக் கூப்பிட இருந்த சமயத்தில் ஒரு நாள் பாதி வழியிலிருந்து நடந்து திரும்பி வந்தான். மூச்சு வாங்குகிறது என்றான். பிறகு பல் துலக்கும்போது ரத்தம் நிற்கவில்லை. தொடையில் காரணமில்லாமல் கன்றிப்போன தடங்கள். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் சிகிச்சை. முடி போனது, வந்தது. நோயும் போனது, வந்தது.

திரும்பி வந்த நோய்க்கு மஜ்ஜை மாற்றுவது ஒன்றுதான் வழி. அம்மாவுடையது பாதி பொருந்தியது. ஆனால் அம்மாவுக்கு இதயத்தில் கோளாறு, எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். பெயர் கொடுத்து வைத்திருக்கிற முகம் தெரியாத கொடையாளர்களிலும் யாரும் கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது நான். நானும் இல்லையென்று ஆகிவிட்டது.

"வேற ஒண்ணுமே இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு புது மருந்து ஆராய்ச்சில இருக்குதுங்க. நல்லா வேலை செய்யற மாதிரி தெரியுது. ஆனா நம்மகிட்ட இன்னும் வரல."

"எப்ப வரும்?"

"சொல்ல முடியாதுங்க. அதுக்கு நெறைய பணம் வேணும், நெறைய பேருக்குக் குடுத்துப் பாக்கணும். வருஷக்கணக்கா ஆகும்."

வருஷக்கணக்கு என்ற சொல் காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை. அவர் அறைக் கதவில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஜவ்வாது மலையில் மாரத்தான், மார்கழி மாதம். அந்தப் போஸ்டரையும் அவர் சொன்ன மருந்தையும் நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அது தப்பு என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டேன். என் உடம்பில் இருந்து அவனுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை என்றால், இந்த உடம்பை வேறு எப்படியாவது செலவழிக்க வேண்டும் என்று இருந்தது. கீழே கவுன்டரில் பேர் கொடுத்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது சொன்னேன். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். கண்ணமங்கலம் தாண்டும் வரைக்கும் சிரித்தான். அப்புறம் திரும்பி என் காலைப் பார்த்தான்.

"அந்தச் செருப்போட ஓடப்போறியா?"

மறுநாளே போளூருக்கு என்னை ஸ்கூட்டியில் கூட்டிப்போய் ஷூ வாங்க வைத்தான். அன்றிலிருந்து அவன் எனக்குக் கோச்.

முதல் நாள் எங்கள் தெருமுனையிலிருந்து மாதா கோயில் வரை ஓடச் சொன்னான். பாதியில் நின்று, ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். கணவருடைய டிராக் பேன்ட்டும் மேலே என் சுடிதார் டாப்பும். பால் எடுத்துக்கொண்டு போன ஒரு அம்மா சைக்கிளை நிறுத்தி, "இன்னாம்மா, ரேஷன் கடைக்கு எவனாவது ஆபீசர் வந்துட்டானா?" என்றார். தம்பி ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடி, "எழுந்துக்கோ, வாயக் கொப்புளி, திரும்ப ஓடு" என்றான். இரக்கமே கிடையாது. பச்சைக் குழந்தையாக என் தோளில் கக்கியவன்.

ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. நான் ஓடும்போது வாசலில் கோலம் போடுகிறவர்கள் தலையைத் தூக்கி, "பாமாயில் வந்துச்சா?" என்று கேட்பார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே, "திங்கக்கெழம" என்பேன். "பேசாத, மூச்சு போய்டும்" என்று தம்பி பின்னால் கத்துவான். கடையில் கைரேகை வைக்க வருகிறவர்கள் எதற்கு ஓடுகிறேன் என்று கேட்டுவிட்டு, நிதிக்குத் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். யாருக்கும் நான் விளக்கமாகச் சொன்னதில்லை. அவனுக்காக என்று மட்டும் தெரிந்திருந்தது.

ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு மலையில் ஏறச் சொன்னான். விடிந்தும் விடியாமலும் ஸ்கூட்டியில் அடிவாரம் வரை போவோம். அங்கே என்னை இறக்கிவிட்டு அவன் முன்னால் போய்விடுவான். ஜமுனாமரத்தூர் போகிற மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவாகத் திரும்ப வேண்டும். ஒரு வளைவில் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருப்பான். நான் கண்ணில் பட்டதும், "தோள எறக்கு. மேடுல சின்னச் சின்னதா வை. கீழப் பாக்காத" என்று சத்தம் போடுவான். நான் கிட்டே போகும் முன்னே வண்டியைக் கிளப்பிக்கொண்டு அடுத்த வளைவுக்குப் போய்விடுவான். தலையில் குல்லா, முகத்தில் கவசம். நடுவில் கண் மட்டும் தெரியும். அந்தக் கண்ணைப் பார்ப்பதற்காகவே அடுத்த வளைவு வரை ஓடுவேன்.

மலையில் சாமை அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஒரு நாள் நிமிர்ந்து பார்த்து, "எதுனா தொரத்துதாம்மா?" என்றாள். வேடிக்கைக்காகக் கேட்கவில்லை, பயந்துதான் கேட்டாள். "ஆமாம்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பாதையிலேயே அழுதேன். ஓடிக்கொண்டே அழுதால் மூச்சு இரண்டாகப் பிளந்துவிடும். அன்று அவன் அடுத்த வளைவில் என் முகத்தைப் பார்த்தான். தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை வேலூர் போய் அவனுக்கு ரத்தம் ஏற்றி வருவோம். ஒவ்வொரு தடவையும் நான் டாக்டரைத் தனியாகப் பிடித்து அந்த மருந்து எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்பேன். அவர் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொல்வார். ஒரு தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க ஓடறது ரொம்பப் பெரிய விஷயம். ஆனா அதுனால இவருக்கு மருந்து கெடைக்கும்னு நெனச்சுக்காதீங்க. இனிமே வரப்போற யாருக்கோ கெடைக்கும்" என்றார். "தெரியுங்க மேடம்" என்றேன். மறுநாள் இன்னும் வேகமாக ஓடினேன். யாரோ ஒருவருக்காக ஓடுகிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழையில் நனைந்தால் அவனுக்கு ஆகாது என்று அம்மா சண்டை போட்டாள். அவன் கேட்கவில்லை. மாரத்தானுக்கு முன்னால் ஒரு தடவையாவது அடிவாரத்திலிருந்து ஜமுனாமரத்தூர் வரை நிற்காமல் நான் ஏறிவிட வேண்டும் என்பது அவன் கணக்கு. மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பூசைக்குப் போகாமல் போகிறோமே என்று அம்மா ஜெபமாலையும் கையுமாக வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பனி மூட்டம். பாதை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. முதல் சில வளைவுகளில் அவன் இருந்தான். ஆனால் சத்தம் போடவில்லை, கையை மட்டும் காட்டினான். அப்புறம் ஒரு வளைவில் அவன் இல்லை. மேலே போயிருப்பான் என்று ஓடினேன். அடுத்த வளைவிலும் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பனிக்குள் என் குரல் எங்கேயும் போகவில்லை. கால் ஒரு பக்கம், நெஞ்சு ஒரு பக்கம் என்று அடித்துக்கொண்டது. பயிற்சியில் ஒரு நாளும் அந்த வேகத்தில் நான் ஏறியதில்லை.

அதற்கடுத்த வளைவில் ஸ்கூட்டி ஸ்டாண்டு போட்டு நின்றது. அவன் கைப்பிடிச் சுவரின் மேலே, ரெயின்கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மல்லாந்து கிடந்தான். பல் கிட்டிக்கொண்டிருந்தது. நெற்றியைத் தொட்டேன். கொதித்தது.

"எப்பலேருந்துடா?"

"முந்தாநேத்துலேருந்து." கண்ணைத் திறக்காமல் சொன்னான். "நீ மேல போய்ட்டு வாக்கா. இன்னும் கொஞ்ச தூரந்தான். நான் இங்கியே இருக்கறேன்."

காய்ச்சல் வந்தால் உடனே கிளம்பி வந்துவிட வேண்டும், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார்கள். எங்கள் இருவருக்கும் மனப்பாடம். போனை எடுத்துப் பார்த்தேன், டவர் இல்லை. அவனை ஸ்கூட்டியில் பின்னால் உட்கார வைத்தால் விழுந்துவிடுவான். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வண்டிச் சத்தம் எதுவும் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாதாவே மாதாவே என்பதைத் தவிர வேறு வார்த்தை வாயில் வரவில்லை.

கடைசியில் மேலேயிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஒரு மினிவேன் வந்தது. டிரைவர் பாதித் தார்களை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு எங்களுக்கு இடம் பண்ணினார். வேன் கீழே இறங்க இறங்க, நான் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

"ஏன்டா சொல்லல? ரெண்டு நாளு, ஏன்டா சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவ."

"நிறுத்தினா இன்னாடா? ஓட்டம் எங்க போய்டப் போவுது?"

"நீ நிறுத்திட்டா நான் வூட்டுல படுத்துட்டு ஃபேனப் பாத்துட்டு இருக்கணும்." மூச்சுக்கு மூச்சு நிறுத்திப் பேசினான். "உனக்கு இன்னாக்கா, உனக்கு அந்த மருந்து. எனக்கு அதுலாம் வராதுன்னு தெரியும். காலைல ஏந்து உன்ன வெரட்டறேன் பாரு, அப்ப மட்டுந்தான் நான் பேஷன்ட் இல்ல."

நான் அவனுக்காக ஓடிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். அவனோ எனக்கு இடம் கொடுத்திருந்தான். என்னுடைய பைத்தியக்காரக் கணக்கு அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பஸ்ஸில் சிரித்தானே, அப்போதே தெரியும். வாழைத்தார்களுக்கு நடுவில் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வேலூர் வரை போனேன்.

நுரையீரலில் தொற்று. ஒரு மாதத்துக்கு மேல் தனி அறையில் வைத்திருந்தார்கள். கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும், பேச வேண்டுமானால் போன். பிழைத்துக்கொண்டான். ஆனால் இனிமேல் பெரிய சிகிச்சை எதையும் அவன் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னார். மாத்திரை, ரத்தம், அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. அதுதான் நான் அவரிடம் கேட்காமல் விட்ட முதல் தடவை.

மாரத்தானுக்கு ஒரு வாரம் இருந்தது. நான் போகப் போவதில்லை என்று முடிவு பண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் போனைக் காதில் வைத்தான்.

"இன்னா, டபாய்க்கப் பாக்குறியா?"

"எதுக்குடா இனிமே?"

"நான் கஷ்டப்பட்டு ஒரு ஆள ரெடி பண்ணி வெச்சிருக்கறேன். எனக்குன்னு ஒண்ணு முழுசா முடியணும்க்கா."

அம்மா என் பக்கத்தில் நின்றிருந்தாள். "போடி. புள்ள கேக்கறான்" என்றாள்.

மார்கழிக் குளிரில் ஜமுனாமரத்தூரில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. சென்னை, பெங்களூர்க் கார்கள். ஒரே நிற டி-ஷர்ட். மேடையில் மைக் வைத்துக்கொண்டு ஒருவர், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றார். என்னைக் கைகாட்டினார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஓடத் தொடங்கியதும் காதில் மாட்டியிருந்த இயர்போனில் அவன் வந்துவிட்டான். தனி அறையிலிருந்து சாதாரண வார்டுக்கு மாற்றியிருந்தார்கள்.

"எங்க இருக்கற?"

"ஏரி தாண்டிட்டேன்."

"யாருக்கூடவும் போட்டி போடாத. கெழவன் முந்தினாலும் வுட்டுடு."

மலையில் டவர் வரும், போகும். ஒரு மேட்டில் அவன் குரல் வரும், இறக்கத்தில் அறுந்துபோகும். மறுபடி மேட்டில், "ஹலோ, ஹலோ, செத்துட்டியா?" என்பான். பாதித் தூரம் தாண்டிய பிறகு என் முழங்கால் வீங்கிவிட்டது. என்னோடு வந்தவர்கள் எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். தண்ணீர் கொடுக்க நின்றவர்கள் மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பின்தங்கியவர்களை ஏற்றிப் போகிற வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னான் ஒரு பையன். மாட்டேன் என்றேன். "அப்புடிச் சொல்லு" என்று காதுக்குள் தம்பி சொன்னான். குரல் கம்மிப்போயிருந்தது.

அதுதான் கடைசி. அதற்குப் பிறகு மேடு வந்தது, குரல் வரவில்லை. இன்னொரு மேடு. போனை எடுத்துப் பார்த்தேன், டவர் இருந்தது. நானே கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அம்மா போன் அணைந்திருந்தது. அப்புறம் என் போனிலும் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

மிச்சமிருந்த தூரத்தை எப்படிக் கடந்தேன் என்று தெளிவாக நினைவில்லை. அவன் போய்விட்டான் என்றே நினைத்துவிட்டேன். நான் இந்த மலையில் நொண்டிக்கொண்டிருக்கும்போது, அம்மா தனியாக, அங்கே. நிற்கலாம் என்றால் நின்று என்ன செய்வது? அந்த வண்டியும் போய்விட்டது, போன் கிடையாது. முன்னால் போனால்தான் மனிதர்கள் இருக்கிறார்கள். அதனால் போனேன். சத்தமாகவே அழுதேன், கேட்க யாருமில்லை. அவன் சொல்லிக் கொடுத்தபடி தோளை இறக்கவும் இல்லை, சின்னச் சின்னதாக வைக்கவும் இல்லை.

முடிகிற இடத்தில் துணி வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் அட்டைப்பெட்டிக்குள் தேடி ஒரு பதக்கத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நான் அதை வாங்காமல், "போன் குடும்மா, போன் குடு" என்றேன். நம்பரைத் தப்பாகப் போட்டேன். அவள் வாங்கிப் போட்டுக் கொடுத்தாள். அம்மா எடுத்தாள்.

"தூங்கறான்டி. காலைலேருந்து போன வெச்சிட்டு அலறிட்டு இருந்தானா, நர்ஸம்மா திட்டிட்டுப் புடுங்கி வெச்சிட்டாங்க. ஊசி போட்டு இப்பதான் கண்ண மூடினான். என் போனும் சார்ஜ் இல்லாம கெடந்துச்சு, இப்பதான் போட்டேன்."

அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணும் என்னோடு உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் யாரென்று நான் கேட்கவே இல்லை.

அடுத்த நாள் வார்டில் அவன் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டான். சொன்னேன். "நடந்து வந்திருந்தாகூட முன்னாடியே வந்திருப்பக்கா" என்றான். அப்புறம் என் வீங்கிய முழங்காலை விரலால் தொட்டுப் பார்த்து, "வலிக்குதா?" என்றான். அத்தனை மாதத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை.

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தான். காலையில் அம்மா கஞ்சி எடுத்துப் போனபோது இருந்தான், கிண்ணத்தைக் கழுவிவிட்டு வந்தபோது இல்லை. அவனோடு போலீஸ் தேர்வுக்கு ஓடிய பையன்கள்தான் தூக்கிப் போனார்கள். அதில் இருவருக்கு வேலை கிடைத்திருந்தது.

அவன் போன பிறகு நான் ஓடவில்லை. விடிவதற்கு முன்னால் முழிப்பு மட்டும் தன்னால் வந்துவிடுகிறது. எழுந்து வாசலில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே அம்மா முழித்துக்கொண்டுதான் கிடப்பாள், எனக்குத் தெரியும். பொழுது விடிந்ததும் நான் கடைக்குப் போய்விடுவேன்.

போன வாரம் கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் மாரத்தான்காரர்கள் போன் செய்தார்கள். இந்த வருடமும் கலந்துகொள்கிறீர்களா என்று ஒரு பெண் மரியாதையாகக் கேட்டாள். அரிசி எடை போட்டுக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "கேட்டுச் சொல்றேங்க" என்றேன்.

வைத்த பிறகுதான், யாரைக் கேட்கப் போகிறேன் என்று தோன்றியது. தராசின் மேல் பை அப்படியே நின்றது. அட்டையை நீட்டிக்கொண்டிருந்த பெண்மணி, "இன்னாம்மா, எடை கொறயுதா?" என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக் கொடுத்தேன். போனில் கேட்ட பெண்ணுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பேர் கொடுக்கக் கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது.